சிஸ்டர்கள் ஏன் கையெழுத்துப் போடவில்லை? – கேள்வி பதில்

அமெரிக்காவில் 'ஒபாமா கேர்' எனப்படும் 2010 சட்டத்தின்கீழ், வேலை கொடுப்பவர் எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீட்டில் கருத்தடையும் இலவசமாகச் சேர வேண்டும் என்று விதி வந்தது. கருத்தடை தவறு என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. அதனால் கத்தோலிக்க நிறுவனங்கள் பல வழக்குப் போட்டன. அது பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: கருத்தடையையே தடை செய்யச் சொல்லித்தான் திருச்சபை கோர்ட்டுக்குப் போனதா?

இல்லை. தம்பதியர் கருத்தடை சாதனங்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற கனெக்டிகட் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1965-லேயே நீக்கிவிட்டது. இப்போதைய சண்டை, ஏற்பாடு செய்து தருவது யார் என்பதில்.

2011-ல் அறிவித்த விதி ஆலயங்களுக்கு விலக்குத் தந்தது. கத்தோலிக்க மருத்துவமனை, கல்லூரி, முதியோர் இல்லங்களுக்குத் தரவில்லை. பெரும்பாலும் தன் மதத்தாருக்கே வேலையும் சேவையும் தருவதுதான் 'மத நிறுவனம்' என்பது அன்றைய இலக்கணம். எல்லா மதத்தாரையும் சேர்த்துக்கொண்டதே குற்றம் போல ஆகிவிட்டது. ஆயர்களின் கோபம் இந்த இடத்தில் நியாயம்தான்.

கேள்வி: அண்ணா, ஒபாமாதான் சமரசத்துக்கு வந்தாரே? ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், செலவைக் காப்பீட்டுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கும் வழக்கா?

முக்கியமான கேள்வி, தம்பி. வழக்கில் முன்னால் நின்றவர்கள் 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்'. 1839-ல் பிரான்சில் ஜான் ஜுகான் என்ற பெண் தொடங்கிய கன்னியர் சபை, ஏழை முதியோரைப் பராமரிப்பது. சென்னையிலும் அவர்களுக்கு இல்லம் உண்டு.

அந்த ஃபாரம் வெறும் 'எங்களுக்கு உடன்பாடில்லை' என்ற கடிதம் இல்லை. அதைப் பெற்றதும் காப்பீட்டை நிர்வகிப்பவர் கருத்தடைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். 'எங்கள் கையெழுத்தே அந்தக் கதவைத் திறக்கிறது' என்றார்கள் சிஸ்டர்கள். போடாவிட்டால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் அபராதம்.

வேடிக்கை என்னவென்றால், சிஸ்டர்களின் காப்பீடு திருச்சபை சார்ந்த திட்டம். அதை நிர்வகிப்பவரைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் தனக்கில்லை என்று அரசே ஒத்துக்கொண்டது. ஒன்றும் நடக்காதென்றால் போட்டுவிட வேண்டியதுதானே என்றது அரசு. ஒன்றும் நடக்காதென்றால் ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள் சிஸ்டர்கள்! 2013 டிசம்பர் 31 அன்று சிஸ்டர்கள்மேல் விதியை அமல்படுத்த இடைக்காலத் தடை கொடுத்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதி சோட்டோமயோர்.

கத்தோலிக்கர் எல்லாரும் ஒரே பக்கம் நின்றதாக நினைக்க வேண்டாம். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் 2013-ல் இந்தச் சமரசத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்தவர் செய்யும் தவறுக்கு எவ்வளவு தூரத்தில் நின்றால் நமக்குப் பங்கில்லை என்பது அறநெறி இறையியலில் பழைய சர்ச்சை.

கேள்வி: ஹாபி லாபி கத்தோலிக்கக் கம்பெனியா?

இல்லை, இதே விதியை எதிர்த்து வழக்குப் போட்ட அந்தக் கைவினைப் பொருள் கடைக் கம்பெனியின் முதலாளிகள் புராட்டஸ்டன்ட் குடும்பம். 20 கருத்தடை முறைகளில் 4-ஐ மட்டுமே எதிர்த்தார்கள். 2014-ல் உச்ச நீதிமன்றத்தில் 5-4 என்ற நீதிபதிகள் கணக்கில் ஜெயித்தார்கள்.

கேள்வி: மனசாட்சி என்று சொல்லி யார் வேண்டுமானாலும் சட்டத்தை மீறலாமா?

1990-ல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. பூர்வகுடிச் சடங்கில் பெயோட்டி என்ற போதைக் கள்ளியை உட்கொண்டு வேலையிழந்த இருவரின் வழக்கு. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியா பக்தியுள்ள கத்தோலிக்கர். அதற்குப் பதிலடியாக 1993-ல் நாடாளுமன்றம் மத சுதந்திர மீட்புச் சட்டத்தை இயற்றியது. மத நம்பிக்கைக்குப் பெரும் சுமை தருவதென்றால், அரசுக்கு வலுவான காரணம் வேண்டும். குறைந்த சுமையுள்ள வேறு வழியும் இருக்கக் கூடாது. சிஸ்டர்களின் வாதம் முக்கியமாக இதன்மேல்தான் நின்றது.

கேள்வி: அங்கே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி யாருமே பேசவில்லையே, சார்?

உச்ச நீதிமன்ற நீதிபதி கின்ஸ்பர்க் பேசினார். 2016-ல் ஒன்பதில் எட்டு நீதிபதிகள் மட்டும் இருந்தபோது, நீங்களே பேசி வழி தேடுங்கள் என்று நீதிமன்றம் நழுவிவிட்டது. 2017-ல் டிரம்ப் அரசு விலக்கை அகலத் திறந்தது. 2020-ல் 7-2 என்ற தீர்ப்பு, அப்படி விதி போட அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது. 70,500 முதல் 1,26,400 பெண்கள் வரை இலவசக் கருத்தடையை இழக்கலாம் என்ற அரசின் சொந்தக் கணக்கைத் தன் மாற்றுக் கருத்தில் எடுத்துக் காட்டினார் கின்ஸ்பர்க். 2025 ஆகஸ்டில் பிலடெல்பியா நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. வழக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

அரசே நேரடியாகப் பணம் கட்டியிருந்தால் சிஸ்டர்களும் தப்பியிருப்பார்கள், பெண்களுக்கும் கிடைத்திருக்கும். ஹாபி லாபி தீர்ப்பிலேயே இந்த யோசனை இருக்கிறது. நிதி ஒதுக்க நாடாளுமன்றத்தில் யாரும் மெனக்கெடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: நான் அமெரிக்காவில் கத்தோலிக்க மருத்துவமனையில் நர்ஸ். பிசிஓடி-க்காக (சினைப்பை நீர்க்கட்டி) டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதியிருக்கிறார். பாவமா? காப்பீடு தருமா?

பாவமில்லை அம்மா. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ல் கருத்தடையைக் கண்டித்த அதே சுற்றுமடலில், நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையால் கருத்தரிப்பு தடைபட்டாலும் அது தவறில்லை என்கிறார். கருத்தடை நோக்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். காப்பீடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீட்டில் நோயின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், கருத்தடைக்கான ஏற்பாடு தனியாக இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.