ஜெபம் பண்ணியும் கவலை போகவில்லை என்றால் என் விசுவாசத்தில் குறையா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் படுக்கிறீர்கள், ஆனாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துவை நம்புகிறவள் இப்படிக் கவலைப்பட்டால் அது அவிசுவாசம் இல்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன கஷ்டம் என்று சொல்லவில்லை. அதனால் என் வீட்டில் நடந்ததைத்தான் என்னால் சொல்ல முடியும். அந்த மூன்று மணி எனக்கும் நல்ல பழக்கம்.

எங்களுடையது சோமனூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டை ஒட்டின கொட்டகையில் நான்கு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தோம். சி.எஸ்.ஐ. சபை, ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில், முப்பது குடும்பம் இருக்கும். 2018 கடைசியில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்று சொன்னார்கள். அன்றிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் கோயமுத்தூருக்கு டயாலிசிஸுக்குப் போய் வருகிறோம். மெஷினில் நான்கு மணி நேரம், போக வர பஸ்ஸில் மூன்று மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செலவு போய்விடுகிறது. பஸ், சில மருந்துகள், அன்றைக்கு ஓடாத தறி, இதெல்லாம் நம் தலையில்தான்.

ஆரம்பத்தில் என் ஜெபம் முழுக்க ஒரே வரி: "இவருக்குச் சுகம் கொடும்." 2019 பிப்ரவரியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தோம். மேடையில் இருந்தவர் இவர் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "சுகமாயிட்டீங்க, விசுவாசம் இருந்தா இனி மெஷினுக்குப் போகாதீங்க" என்றார். இவர் முகம் அன்று மலர்ந்ததுபோல அதற்கு முன் பல மாதமாக நான் பார்த்ததில்லை. அந்தச் செவ்வாய் போகவில்லை. வியாழனும் போகவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. படுத்தால் மூச்சே இல்லை, உட்கார்ந்தால் கொஞ்சம். 108க்குப் போன் செய்து கொண்டுபோனோம். நுரையீரலில் நீர் கோர்த்திருந்தது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னார். கூட்டம் நடத்தினவருக்கு விஷயத்தைச் சொன்னபோது, "உங்க விசுவாசம் குறைவு" என்று போனை வைத்துவிட்டார். அவரை நான் இன்னும் மன்னித்து முடிக்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மன்னித்துக்கொண்டிருக்கிறேன்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். யார் வந்து எந்த வசனத்தைச் சொன்னாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். அப்போஸ்தலன் பவுல் எத்தனையோ பேரைச் சுகமாக்கியவர். அவரே தீமோத்தேயுவுக்கு வயிற்று உபாதைக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் எழுதினார். கூட ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதியிருக்கிறார். "துரோப்பீமுவுக்கு விசுவாசம் குறைவு" என்று அவர் எழுதவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காகப் பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. இத்தனை வருஷம் இதையெல்லாம் கோயிலில் உட்கார்ந்து கேட்டவள்தான் நான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் காதில் விழுந்தது.

டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்குப் பெரிய வேதனை ஊசி இல்லை, தாகம். சிறுநீர் போகாது, குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே நிற்கும். இவருக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் என்று கணக்கு. காபி, ரசம், மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவேன். மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பார். மத்தியானத்துக்குள் பாட்டில் காலியாகிவிட்டால் என் முகத்தைப் பார்ப்பார், கேட்க மாட்டார். குடத்தை ஈரத்தோடு திண்ணையில் வைக்கக்கூட எனக்குக் கூசும். வீட்டில் யாரும் அவர் எதிரில் தண்ணீர் குடிப்பதில்லை.

அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 19. நல்ல வெயில் காலம். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பேசுவார்கள். ஐந்தாம் வார்த்தைக்கு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் எழுந்து நின்று, "தாகமாயிருக்கிறேன்" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பக்கத்து வரிசையில் இவர் குனிந்து, கையிலிருந்த எலுமிச்சைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டால் சப்பிக்கொள்ள நான் நறுக்கிக் கொடுத்து அனுப்பியது. வாத்தியார் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அவருக்கே தண்ணி தவிச்சிருக்குது, பாத்தியா புள்ள. கேட்டதுக்குக் காடியத்தான் குடுத்திருக்காங்க."

சுகம் கிடைக்காமல் போன அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு இவர் ஆண்டவரைப் பற்றி வாய் திறந்து பேசியது அன்றுதான். தாகம் தீரவில்லை. அன்று சாயங்காலமும் அதே முக்கால் லிட்டர்தான். ஆனால் தன் தாகம் என்னவென்று தெரிந்த ஒருவரிடம் பேசுகிறோம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலில் பாதி இதுதான். விசுவாசம் எங்கள் கஷ்டத்தை எடுத்துவிடவில்லை. அதைச் சொல்ல ஒரு ஆளைக் கொடுத்தது.

மீதிப் பாதி, எல்லாரும் சொல்கிற ஒரு வசனத்தில் இருக்கிறது. 1 பேதுரு 5:7. "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." விசாரணை என்றால் எனக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். ஆண்டவரையும் நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன், என்ன பாவம் பண்ணினாய், ஏன் இந்த வியாதி வந்தது என்று கேட்கிறவராக. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு வாசம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் "நல்லா விசாரிச்சாங்களா?" என்று கேட்போம். சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவோம். எதிரில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்பது. இந்த அர்த்தம் பிடிபட்ட பிறகு அந்த வசனம் எனக்கு வேறு வசனமாகிவிட்டது.

லண்டன் மிஷன் கோயமுத்தூருக்கு வந்தது 1830இல். எங்கள் குடும்பம் சபைக்கு வந்தது தாது வருஷப் பஞ்சத்துக்கு, அதாவது 1876க்கு, அப்புறம்தான் என்று எங்கள் அப்புச்சி சொல்வார். "ஊரே செத்துக்கிட்டு இருந்தப்ப நம்மளை விசாரிச்சாங்க, அதுதான் வந்தோம்" என்பார். சின்ன வயதில் அதைக் கஞ்சிக்காக வந்த கதையாக எடுத்துக்கொண்டு வெட்கப்பட்டிருக்கிறேன். இப்போது அதில் வெட்கப்பட எதுவும் தெரியவில்லை.

ஆண்டவர் விசாரிப்பது பெரும்பாலும் மனுஷர் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது, அதுவும் சபைக்கு வெளியிலிருந்தும். பக்கத்து வீட்டு ஆத்தா ஆஸ்பத்திரி நாளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏங் கண்ணு, எத்தன மணிக்கு வந்தீங்க? தம்பி சாப்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போவார். முதலில் ஆசையாக இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், இவர்களுக்கு ஆகாது என்று சொன்னேன். மனசு சுருங்கிப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அடுத்த வாரம் சந்தகை பிழிந்தபோது மாவில் உப்புப் போடாமல் இவருக்கென்று தனியாக ஒரு ஈடு எடுத்து, மேலே இலை போட்டு மூடிக் கொடுத்தார். இன்றுவரைக்கும் அப்படித்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றதும் நான் உடைந்துபோனேன். டயாலிசிஸுக்கு லீவு கிடையாது. அந்த ஆத்தாவின் மகன் காய்கறி டெம்போ ஓட்டுகிறார், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். பாஸ் வாங்கிக்கொண்டு வந்து, "ஏறுங்கக்கா" என்றார். பஸ் ஓடும்வரை வாரம் மூன்று நாள் அவர்தான் கொண்டுபோய்க் கூட்டி வந்தார். டீசலுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நான் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன்.

மூன்று மணிக்கு நான் என்ன செய்கிறேன் என்பதைச் சொல்கிறேன். இவருடைய இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள், அதன் வழியாகத்தான் மெஷினுக்கு ரத்தம் போகும். தொட்டால் விரலுக்கடியில் கிர்ரென்று அதிரும், தறி மோட்டாரைத் தொட்டமாதிரி. அது அதிருகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். விழிப்பு வந்தால் முதலில் கையை அங்கே வைப்பேன். அப்புறம் வாயைத் திறந்து மெதுவாகப் பேசுவேன். கோயிலில் ஜெபிக்கிற மாதிரி "தேவரீர்" என்று ஆரம்பித்தால் எனக்கு மனசு வராது. "ஆண்டவரே, முடியலீங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். அதற்கு மேல் எதுவும் வராத ராத்திரிகளும் உண்டு. 88ஆம் சங்கீதம் ஆரம்பம் முதல் கடைசி வரிவரை அழுகைதான், ஒரு ஸ்தோத்திரம்கூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். நம் அழுகையும் ஜெபம்தான் என்பதற்கு எனக்கு அது போதும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மளிகைக் கடையில் கொடுக்கிற தினசரி காலண்டரில் ராத்திரி கிழிக்கிற தாளின் பின்பக்கம் அன்றைய கவலையை எழுதுவேன். தாள் உள்ளங்கை அளவுதான், அன்றன்றைக்கு உள்ளது மட்டும்தான் பிடிக்கும். "எடை இரண்டே முக்கால் கிலோ ஏறியிருக்கு. குழுக் கடன் கட்டணும். இரண்டாம் தறியில சத்தம். பையன் பீஸ்." இப்படித்தான் இருக்கும். அதை வாசித்துச் சொல்லி, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று ஆண்டவர் சொன்னதை என்னால் இப்படித்தான் கடைப்பிடிக்க முடிகிறது. போன கிறிஸ்துமஸுக்கு டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் எதைப் பற்றி எழுதினேன் என்றே நினைவில்லை. சில கவலைகள் நான் பயந்தபடியே நடந்தும் இருந்தன. 2022 ஆரம்பத்தில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினோமே, அப்போது தவணை ஏறிக்கொண்டே போய், கடைசியில் இரண்டு தறியை விற்றோம். "தறி போயிருமோ" என்று எழுதின தாள் பதினொன்று இருந்தது. தறி போனது. நாங்கள் இருக்கிறோம். மற்ற இரண்டு ஓடுகிறது.

தூக்கமில்லாதது வாரக்கணக்கில் தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள், தயங்காதீர்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கடியில் படுத்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்றபோது, ஆண்டவர் முதலில் அவரைத் திட்டவும் இல்லை, பிரசங்கம் பண்ணவும் இல்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து எழுப்பினார், திரும்பவும் தூங்கவிட்டார். பேச்செல்லாம் அப்புறம்தான்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. விடியற்காலை பஸ்ஸில் கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை எனக்கு வேறு வேலை இல்லை, தெரிந்தவர்களை எல்லாம் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டு போவேன். உங்கள் பெயர் தெரியாது, பரவாயில்லை, "மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவங்க" என்று சொல்லிக்கொள்கிறேன். என்ன கஷ்டம் என்று சொல்ல மனசு இருந்தால் கீழே எழுதுங்கள். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டீர்களா, அதையாவது சொல்லுங்கள்.