கபோஷ் இறந்தது வதைமுகாமில் அல்ல

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் சேபர் (வெட்டியும் குத்தியும் ஆடும் வாள்வகை) வாள்வீச்சில் தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் வென்ற ஹங்கேரிய யூதர் எண்ட்ரே கபோஷ் நாஜி வதைமுகாமில் இறந்தாரோ என்று உங்கள் குறிப்பில் ஐயுற்றிருந்தீர்கள்; அவர் அங்கே இறக்கவில்லை. 1944 நவம்பர் 4 அன்று, புடாபெஸ்டின் மார்கரெட் பாலத்தில் ஜெர்மானியர் பொருத்தியிருந்த வெடிமருந்து வெடித்ததில் இறந்தார்.

அவருடைய அணித்தோழர் அட்டிலா பெட்சாவரின் முடிவு உங்கள் குறிப்பில் கலந்திருக்கலாம். பெட்சாவர், ஹங்கேரி யூதர்களைச் சேர்த்த கட்டாய உழைப்புப் படையில் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டு, 1943இல் மாண்டவர்.

ஒலிம்பிக் பதக்க ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்: பெட்சாவருக்கு 1928, 1932, கபோஷுக்கு 1932, 1936. இருவரும் சேர்ந்து வென்ற 1932 அணித் தங்கமே பெரும்பாலும் குழப்புகிறது.

ஆனால், பாலத்தில் இறந்தார் என்பதற்காகக் கபோஷை ஒடுக்குமுறைக்குத் தப்பியவர் என்று எழுதிவிடாதீர்கள். உலக வாகையர் என்ற பெயர் இருந்தும், கட்டாய உழைப்பு அவரையும் விடவில்லை.