75,000 கிலோமீட்டர் ஓடும் டயர் யாருக்கு?

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறேன். மகள் கேரளத்தின் புனலூரில் படிக்கிறாள், வாரம் ஒருமுறை காரில் போய்வருவேன். மற்றபடி தென்காசி, குற்றாலம், அவ்வளவுதான். வருடத்துக்கு 9,000 கி.மீ. ஓடினால் அதிகம். டயர் தேய்ந்துவிட்டது. கடையில் இரண்டு வகை காட்டுகிறார்கள். ஒன்று 75,000 கி.மீ. கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்கிறார் கடை அண்ணாச்சி. இன்னொன்று மழையில் நன்றாகப் பிடிக்குமாம், ஆனால் 45,000-க்கு மேல் தாங்காதாம். விலையும் சற்றுக் கூட. எதை வாங்கட்டும்?

பதில்: இரண்டாவதை. 9,000 வீதம் ஓட்டினால் 75,000-ஐத் தொட எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பட்டன் (தரையில் படுகிற, பள்ளம் வெட்டிய மேல்பகுதி) மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும், பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகளும் விட்டிருக்கும். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடாவருடம் காட்டிச் சோதித்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். 45,000 கி.மீ. உங்களுக்குச் சரியாக ஐந்து வருடம். அதற்கு மேல் கிடைக்கிற 30,000-ஐ நீங்கள் ஓட்டவே போவதில்லை. தினமும் மதுரைக்கு ஓடும் டாக்சிக்காரர் கேட்டிருந்தால் முதலாவதைச் சொல்லியிருப்பேன்.

இரண்டும் சேர்ந்து ஏன் கிடைப்பதில்லை? மிருதுவான ரப்பர் தார்ச்சாலையின் பொடிக் கற்களுக்கு இடையே இறங்கிப் பிடிக்கும், அதே காரணத்தால் சீக்கிரம் உரசிக் கரையும். கெட்டியான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும், ஈரத்தில் நழுவும். சிலிக்கா கலந்த ரப்பர் வந்த பிறகு இந்த இடைவெளி குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. புளியரை தாண்டி ஆரியங்காவு வரைக்கும் வளைவுகளில் லாரிகளுக்குப் பின்னால் ஏறி இறங்குபவர் நீங்கள். ஜூனில் சாரல் தொடங்கினால் நவம்பர் வரை அந்தச் சாலை முழுதாகக் காய்வது அபூர்வம். அங்கே கண்ணை மூடிக்கொண்டு எதுவும் ஓடாது.

டயரின் பக்கவாட்டில் 'டிரெட்வேர் 400' என்பதுபோல ஓர் எண் இருந்தால், அதை 40,000 கி.மீ. என்று படிக்காதீர்கள். அமெரிக்க முறைப்படி 100 என்று வைத்த ஒரு மாதிரி டயரோடு தேய்மானத்தை ஒப்பிட்டுத் தருகிற எண் அது. தருவதும் தயாரிப்பாளரேதான். ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், வேறு வேறு கம்பெனி என்றால் அவ்வளவாக நம்ப முடியாது. பக்கத்தில் 'டிராக்ஷன்' என்று ஏஏ, ஏ, பி, சி தரம் இருக்கும். நனைந்த தரையில் நேராகப் பிரேக் பிடித்துப் பார்த்த தரம் அது, வளைவில் எப்படி என்று அது சொல்லாது.

இன்னொன்று. சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் இருந்தால் போதும். பட்டன் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும், அதன் மட்டத்துக்குத் தேய்ந்தால் 1.6 என்று அர்த்தம். உங்கள் சாலைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மி.மீ.-க்குக் கீழே போனாலே தண்ணீரைத் தள்ளும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். மழைக்காலத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அப்படிப் பார்த்தால் அண்ணாச்சி சொல்லும் 75,000-ம் 45,000-ம் இரண்டுமே இன்னும் சுருங்கும்.

கேள்வி: முன் டயர் இரண்டும்தான் அதிகம் தேய்ந்திருக்கின்றன. அந்த இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: பின் டயர்களில் ஆழம் நன்றாக இருந்தால் போதும். ஆனால் புதியதைப் பின்னால் போட்டு, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். கடைக்காரர் நேர்மாறாகச் சொல்வார், கேட்காதீர்கள். ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிசெய்வது எல்லோருக்கும் கைவராது.

கேள்வி: புனலூரில் வாங்கினால் மலிவு என்கிறார்களே?

பதில்: ரப்பர் அங்கே விளைகிறது என்பதற்காக டயர் விலை இறங்காது. ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் இருந்தால் கடைக்காரர் தரும் தள்ளுபடியில்தான். அதிகத் தள்ளுபடி கொடுத்தால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம் என்பதால் மாட்டுவதற்கு முன்பே புரட்டிப் பாருங்கள். டயரின் தொடர் எண் எழுதிய பில் வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான், அதிலும் தேய்ந்த அளவைக் கழித்துக்கொள்வார்கள். அண்ணாச்சி வாயால் சொன்ன 75,000 பில்லில் வராது. வேண்டுமானால் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள்.