வீட்டில் செல்வம் தங்க எந்தப் பதிகம் படிக்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சம்பளம் வந்த வேகத்தில் கரைந்துவிடுகிறது, வீட்டில் செல்வம் தங்குவதற்குத் தினமும் படிக்கத்தக்க தமிழ்ப் பதிகம் எது, எத்தனை முறை படிப்பது, அர்த்தம் தெரியாமல் படித்தாலும் பலன் உண்டா?

நான் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படித்துவருவது, திருஞானசம்பந்தர் திருவீழிமிழலையில் பாடிய 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்னும் பதிகம். முதல் திருமுறையில் 92ஆவது. மொத்தம் 11 பாடல்கள். ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சொற்கள்தான். இருக்கு வேத மந்திரம்போலச் சுருங்கிய வடிவம் என்பதால் திருவிருக்குக்குறள் என்று பெயர். நிதானமாகப் படித்தாலும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதன் பின்னணியைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்காதீர்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்: நாட்டில் பஞ்சம். சம்பந்தரும் அப்பரும் திருவீழிமிழலையில் தங்கியிருக்கிறார்கள், அடியார் கூட்டமும் கூட இருக்கிறது. இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஆளுக்கொரு காசு தருவதாகச் சொல்கிறார். அதன்படி கோயிலின் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் காசு இருக்கிறது. அதைக் கொண்டு இருவர் மடத்திலும் அன்னம் படைக்கிறார்கள். ஆனால் அப்பர் மடத்தில் நேரத்தோடு பந்தி போடுகிறார்கள், சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. ஏன் என்று சம்பந்தர் விசாரிக்கிறார். 'அப்பருக்குக் கிடைப்பது கையால் திருத்தொண்டு செய்தவருக்கான நல்ல காசு. கடையில் அப்படியே வாங்கிக்கொள்கிறார்கள். நமக்குக் கிடைப்பதற்கு வாசி கேட்கிறார்கள்' என்று மடத்தாரிடமிருந்து பதில் வருகிறது. வாசி என்றால் காசை மாற்றும்போது பிடித்துக்கொள்ளும் கழிவு. அந்தக் குறை தீரத்தான் மறுநாள் இந்தப் பதிகத்தைப் பாடினார்.

ஆக, இது இன்னும் கொடு என்று கேட்ட பாட்டு இல்லை. கொடுக்கிற ஒரு காசைக் குறையில்லாத காசாகக் கொடு, பசித்தவர்களுக்கு நேரத்தில் சோறு போட வேண்டும் என்று கேட்ட பாட்டு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று.

என் கணவர் சிறிய அச்சகம் நடத்திவந்தார். வேலை குறைந்த ஒரு காலத்தில் கடன் ஏறியது. என் மாமியார், "வாசி தீரவே படி, மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்" என்று தம்முடைய பழைய புத்தகத்தைக் கொடுத்தார். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரு நாளும் விடாமல் படித்தேன். படித்து முடித்ததும் எங்கிருந்தாவது பணம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி எதுவும் வரவில்லை. உங்களிடம் அதை மறைக்க மாட்டேன். 48 நாளில் கடன் தீரும், லாட்டரி விழும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு அப்படிச் சொல்பவர்களிடம் போகவே போகாதீர்கள்.

மண்டலம் முடிந்த பிறகும் பழக்கத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை, முதல் பாட்டைச் சொல்லும்போது 'வாசி' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு லட்சம் ரூபாய் ஏலச்சீட்டைத் தள்ளி, அதாவது ஏலத்தில் தொகையைக் குறைத்துக் கேட்டு, எடுத்திருந்தோம். கைக்கு வந்தது 72,000. அதில் பாதி நகைக்கடன் வட்டிக்கே போய்விட்டது. எங்கள் வீட்டுக்குக் காசு வராமல் இல்லை. வந்த காசெல்லாம் வாசி பிடித்துக்கொண்ட காசாகவே வந்தது. அன்று இரவு என் கணவரும் நானும் உட்கார்ந்து, எந்தெந்த இடத்தில் எவ்வளவு வாசி போகிறது என்று ஒரு தாளில் எழுதினோம். அடகிலிருந்த வளையல்களை மீட்டுத் திரும்ப அடகு வைப்பதை விட்டுவிட்டு, ஒரு ஜோடியை விற்று ஒரு கடனை முழுமையாக முடித்தோம். அதற்குப் பிறகு சீட்டைத் தள்ளி எடுத்ததே இல்லை. எல்லாம் சீராவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்தத் தெளிவை அவன் அருள் என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இரண்டாம் பாட்டும் எனக்கு மிக முக்கியம்: 'கறைகொள் காசினை முறைமை நல்குமே.' கறை நீங்கிய காசு, முறையாக வரும் காசு. மற்றப் பாடல்களில் சேமம் கேட்கிறார், பேறு கேட்கிறார், 'சங்கை தவிர்மின்' என்று ஐயத்தைப் போக்கச் சொல்கிறார். எட்டாம் பாட்டில் 'கரக்கை தவிர்மினே' என்கிறார். கரத்தல் என்றால் இருப்பதை இல்லையென்று ஒளித்தல். இறைவனிடமே ஒளிக்காதே என்று கேட்கும் அந்தப் பிள்ளையின் உரிமை ஒவ்வொரு முறையும் என்னை உருக்கிவிடும். அந்த வரியைச் சொல்லும்போது, என் அடுக்களையில் நான் எதையாவது கரந்து வைத்திருக்கிறேனா என்ற கேள்வியும் வரும்.

முறை மிக எளிது. குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசி, 'திருச்சிற்றம்பலம்' என்று தொடங்கி அதையே சொல்லி முடியுங்கள். தீட்சை வேண்டியதில்லை. காலையோ மாலையோ, உங்களுக்கு வாய்க்கும் நேரம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒருமுறை போதும். பண் குறிஞ்சி, அரிகாம்போதி ராகத்தில் ஓதுவார்கள் பாடக் கேட்டுப் பழகலாம். ராகம் வராவிட்டால் சீர் பிரித்து வாசியுங்கள். அர்த்தம் தெரியாமல் தொடங்குவதில் தவறில்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் வாரம் ஒரு பாட்டு என்று உரையோடு படித்தால் மூன்று மாதத்துக்குள் முழுவதும் கைவந்துவிடும்.

வசதிப்பட்டால் திருவீழிமிழலைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். திருவாரூர் மாவட்டத்தில், பூந்தோட்டத்துக்குப் பக்கம். இருவருக்கும் காசு வைக்கப்பட்ட அந்தப் படிக்காசுப் பீடங்களை அங்கே காட்டுவார்கள்.

ஒன்று மட்டும் உரிமையோடு கேட்கிறேன். படிக்கத் தொடங்கும் நாளிலிருந்து, வாரத்தில் ஒரு வேளையாவது வெளியார் ஒருவருக்குச் சாப்பாடு கொடுங்கள். மீந்ததைக் கொடுக்காதீர்கள், அவர் பசிக்கும் நேரத்துக்குக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அது வெள்ளிக்கிழமை மதியம், பன்னிரண்டரை மணிக்கு.