தூரிகையே இல்லாமல், ஓவியக் கத்தியால் மட்டும் ஒரு மனித உருவத்தை இருபது நிமிடத்தில் தீட்ட முடியுமா? அக்ரிலிக் போதுமா, எண்ணெய் வண்ணம்தான் வேண்டுமா?

முடியும். ஆனால் அந்த இருபது நிமிடத்திற்கு முன்பாக வண்ணம் குழைப்பதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். ஒருவரை மாதிரியாக அமரவைத்து ஐந்தாறு பேர் சேர்ந்து தீட்டும் வாராந்தரக் குழுவொன்றில் சில ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறேன். அங்கே மாதிரியின் ஓர் அமர்வுக்கு இருபது நிமிடம்தான். முதல் ஓராண்டில் நான் தீட்டியவை அனைத்தும் சேற்று நிறத்தில் முடிந்தன. தூரிகைப் பழக்கத்தில் முதலில் புறக்கோட்டை இழுத்துவிட்டுப் பிறகு அதற்குள் வண்ணத்தை நிரப்ப முயன்றதே காரணம். கத்தியின் அலகு கோட்டுக்குள் அடங்குவதில்லை. மீறியதைத் திருத்துவதற்காக மீண்டும் மீண்டும் தடவும்போது, ஈரமான வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் பூத்துவிடுகின்றன.

கத்தி என்பது கொத்தனாரின் கரணையைப் போலப் பரப்பைப் பூசுவதற்கான கருவி. ஆகவே உடலையும் பரப்புகளாகவே பார்க்க வேண்டும். கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு பார்த்தால், நெற்றி, மூக்கின் ஒரு பக்கம், கன்னத்தின் மேல்பகுதி, தோள் ஆகியவை ஒளிப்பரப்பாகவும், கண்குழி, மோவாயின் அடி, கழுத்து ஆகியவை பெரும்பாலும் ஒரே நிழலாகவும் தெரியும். நான் முதலில் அந்த நிழல் முழுவதையும் மெல்லியதாக இழுத்து, அலகால் வழித்துவிடுவேன். அதன்மேல் ஒளிப்பரப்புகளைத் தடிமனாக, ஒரு பரப்புக்கு ஓர் இழுப்பு என்ற கணக்கில் வைப்பேன். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் அலகைப் பழந்துணியில் துடைத்துவிட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆயினும் இதைத் தவிர்த்தவர்களின் படம் தெளிவாக வந்து நான் பார்த்ததில்லை.

குழைத்து வைக்க வேண்டியவை ஐந்து குவியல்கள்: ஒளிக்கு இரண்டு, இடைநிலைக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. டைட்டானியம் வெள்ளை, மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம் ஆகிய நான்கு குழாய்களே போதும். வெளிநாட்டுக் கையேடுகளில் காணப்படும் இளஞ்சிவப்புச் சருமக் கலவையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம்மூர் முகங்கள் மாவு பூசியதுபோல் ஆகிவிடும். கருஞ்சருமத்திற்கு அடிப்படை பர்ன்ட் சியன்னாவும் நீலமும்தான். சன்னல் வெளிச்சம் விழும்போது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தோன்றும் மினுமினுப்பு வெண்மையாக இல்லாமல் நீலம் கலந்ததாக இருக்கும். அந்த ஒற்றைத் தீற்றலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறைக்கு நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் முன்மாதிரி பிரெஞ்சு ஓவியர் பால் செசான். 1866-இல், தமது 27-ஆவது வயதில், தாய்மாமன் தொமினிக் ஒபேரை மாதிரியாக அமரவைத்து ஒரு வரிசைப் படங்களைக் கத்தியால் தீட்டினார். மாமனுக்கு ஒரு படத்தில் வழக்கறிஞர் வேடம், மற்றொன்றில் துறவி வேடம். பிற்பகல்தோறும் ஒரு படம் பிறப்பதாக செசானின் நண்பர் வலாப்ரேக், எழுத்தாளர் எமில் சோலாவுக்கு எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள துறவிப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை அங்கியில் கத்தி விட்டுச்சென்ற மேடுகள் தெளிவாகத் தெரியும். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பத் தீட்டுவது எத்தனை வசதி என்பதும் அந்த வரிசையிலிருந்து நான் கற்றுக்கொண்டது. வீட்டில் பொறுமையான மாமா ஒருவர் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

கையைத் தீட்டும்போது விரல்களை எண்ணாதீர்கள். கையை ஓர் ஆப்பு வடிவமாக வைத்துவிட்டு, அலகின் ஓரத்தால் ஒரே ஒரு பிளவைக் கீறினால் போதும். முகச்சாயல் அச்சாக வர வேண்டும் என்பவர்களுக்கு இக்கருவியை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கும்போது தட்டையான கலவைக் கத்தியை விடுத்து, கழுத்து வளைந்த, நான்கைந்து சென்டிமீட்டர் நீள அலகுள்ளதை வாங்குங்கள். விரல்முட்டிகள் ஈர வண்ணத்தில் படாமல் இருக்கும்.

பழகுவதற்கு அக்ரிலிக் தாராளமாகப் போதும், கெட்டியான வகையாக இருந்தால். எங்கள் வெயிலில் அது சில நிமிடங்களிலேயே தோல்கட்டிவிடுவதால், குவியல்கள்மீது அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்கிறேன். எண்ணெய் வண்ணம் காத்திருக்கும். தவறினால் வழித்தெடுத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். அதற்கு ஈடாக, தடிமனான பகுதிகள் உள்வரை காய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க இயலாது.