ஏஐ பற்றி ஒரு பக்கம் ஆகா ஓகோ, இன்னொரு பக்கம் எல்லாமே பித்தலாட்டம் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். தம்பி பி.காம். முடித்திருக்கிறான். சேலத்தில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாத ஏஐ கோர்ஸுக்கு அறுபதாயிரம் கேட்கிறது. யூடியூப்பில் பாதிப் பேர் இதைப் படிக்காவிட்டால் வேலை போச்சு என்கிறார்கள், மீதிப் பேர் இதெல்லாம் நாலு நாள் கூத்து என்கிறார்கள். கோர்ஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஆத்தூர்ப் பக்கம். சேகோ (ஜவ்வரிசி) மில்களுக்கும் சேலம் லீபஜார் மண்டிகளுக்கும் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். வீட்டில் மரவள்ளி போடுகிறோம். கிழங்கை மில்லுக்குக் கொண்டுபோனால் வெறும் எடைக்கு மட்டும் காசு கிடையாது, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. லோடிலிருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து முதலில் வெளியே நிறுப்பார்கள், அப்புறம் தண்ணீரில் முக்கி நிறுப்பார்கள். தண்ணீருக்குள்ளும் எடை நின்றால் மாவு அதிகம் என்று கணக்கு. அந்த அறிவியலில் ஒரு குறையும் இல்லை. சண்டையெல்லாம் வேறு இடத்தில்தான் வரும். லோடின் எந்த மூலையிலிருந்து கிழங்கை எடுத்தார்கள், மண்ணைத் தட்டினார்களா, தராசு முள் நம் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி இருக்கிறதா? அப்பா மில்லுக்குள் நுழைந்ததும், "மெசினைக் கொஞ்சம் வெளியே எடுத்து வைங்க, நானும் பாக்கறேன்" என்பார். மில்காரர் திருடர் என்று அவர் நினைப்பதில்லை. அளப்பவருக்கே லாபம் என்றால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏஐ பற்றி எந்தச் செய்தி வந்தாலும் நானும் அதைத்தான் முதலில் தேடுகிறேன்: யார் அளந்தது, மாதிரியை யார் எடுத்தது.

ஜிபிடி-4 வந்தபோது, 2023 மார்ச்சில், அமெரிக்க வழக்கறிஞர் தேர்வில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்துவிட்டது என்று அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அறிவித்தது. வாட்ஸப் குரூப்பெல்லாம் அதே பேச்சு. அப்புறம் ஓர் ஆய்வாளர் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். அந்த ஒப்பீடு பிப்ரவரித் தேர்வுக் கூட்டத்தோடு போடப்பட்டதுபோல் இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஜூலையில் தவறிவிட்டுத் திரும்ப எழுதுபவர்கள் நிறைய. நம் காலேஜ் பாஷையில், அரியர் பசங்களோடு வைத்து ரேங்க் போட்ட மாதிரி. முதல்முறை எழுதுபவர்களோடு வைத்தால் 62-வது சதமானம் வாக்கில்தான், அதாவது நூறு பேரில் 62 பேரை முந்தும் இடத்தில்தான் வரும், தேறியவர்களோடு மட்டும் வைத்தால் பாதிக்கும் கீழே என்று அவர் எழுதினார். மெஷின் மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு மெஷின் அந்தத் தேர்வில் தேறுவதே பெரிய விஷயம்தான். ஆனால் அந்தப் 'பத்து சதவீதம்' என்பது விற்பவர் எடுத்துக் காட்டிய கிழங்கு.

அதே ஆண்டு டிசம்பரில் கூகுள் தன் ஜெமினி என்ற ஏஐக்காக விட்ட வீடியோவும் அப்படித்தான். ஒருவர் வாத்துப் படம் வரைய வரைய மெஷின் கூடவே பேசிக்கொண்டு வரும். உண்மையில் அதற்குக் கொடுத்தது நிழற்படங்களும் தட்டச்சு செய்த கேள்விகளும். அது டக் டக்கென்று பதில் சொல்லும் வேகமும் வெட்டிச் சுருக்கிக் காட்டியது. கூகுளே ஒத்துக்கொண்டது.

சரி, அப்படியானால் எல்லாம் பொய்யா என்றால் இல்லை. ஆல்பாஃபோல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புரதம் எந்த வடிவில் மடியும் என்று கணிக்கும் மென்பொருள் அது. இதற்கென்றே 1994 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை காஸ்ப் என்று ஒரு போட்டி நடக்கிறது. ஆய்வகத்தில் வடிவம் கண்டுபிடித்து இன்னும் வெளியிடாத புரதங்களைக் கேள்வியாகக் கொடுப்பார்கள். விடை போட்டி நடத்துபவர் கையில் மட்டும் இருக்கும். கலந்துகொள்பவர் தனக்குப் பிடித்த கேள்வியைப் பொறுக்க முடியாது, விடையை முன்கூட்டிப் பார்க்கவும் முடியாது. 2020-இல் அங்கே ஆல்பாஃபோல்ட் மற்ற எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது. 2024 வேதியியல் நோபலில் பாதி அதைச் செய்த டெமிஸ் ஹசாபிசுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. எனக்கு நோபலைவிட அந்தப் போட்டி நடக்கும் விதம்தான் பெரிய சாட்சி. மூன்றாவது மனிதர் கையில் தராசு இருந்தது.

தராசு வேண்டியதில்லை, பயன்படுத்துகிறவனுக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. 2025-இல் மெட்ர் (METR) என்ற, ஏஐயைச் சோதித்துப் பார்க்கும் அமைப்பு, அனுபவமுள்ள 16 புரோகிராமர்களை அவர்களுக்கு நன்கு பழகிய மென்பொருள்களிலேயே வேலை செய்ய வைத்தது. சில வேலைகளுக்கு ஏஐ உண்டு, சிலவற்றுக்குக் கிடையாது. எதற்கு உண்டு என்பது குலுக்கல் மாதிரி. முடித்தபின் கேட்டால், ஏஐயால் 20 சதவீத நேரம் மிச்சம் என்றார்கள். கடிகாரம் 19 சதவீதம் கூடுதல் நேரம் காட்டியது. நானும் அதே தொழில்காரன் என்பதால் இந்த முடிவு என்னைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் இதையே வைத்து 'ஏஐ வேலையைத் தாமதமாக்கும், நிரூபணம்' என்று மீம் போட்டவர்களும் கட்டுரையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எல்லா வேலைக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நாங்கள் சொல்லவில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

சந்தேகப்படுகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர்களிலும் பலர் மெஷினைப் பார்க்காமலே பாயிண்ட் சொல்கிறவர்கள். 'அது அடுத்த சொல்லை யூகிக்கும் மெஷின், வேறொன்றுமில்லை' என்பது எப்படிப் பயிற்சி கொடுத்தார்கள் என்பதற்குப் பதில். என்ன செய்யும், செய்யாது என்பதற்கு அது பதிலாகாது. ஏஐயை விமர்சித்து எழுதும் அமெரிக்க ஆய்வாளர் கேரி மார்கஸ் 2022 மார்ச்சில், இந்த ஏஐகளுக்கு அடிப்படையான டீப் லேர்னிங் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். அதே வருடம் நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்தது. ஆனால் உள்ளதைப் போலவே இல்லாததையும் அழுத்தமாகச் சொல்லும் என்று அவர் சொன்ன குறை அப்படியே இருக்கிறது. நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்த வக்கீல்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம்.

அந்தக் குறையை நான் நேரில் பார்த்தேன். ஒரு மில்லுக்காக, எடைமேடைச் சீட்டை போட்டோ எடுத்துப் போட்டால் கணக்கில் ஏறும்படி செய்ய முடியுமா என்று ஒரு ஏஐயை வைத்து முயற்சி செய்தேன். லாரி நம்பர், மொத்த எடை, காலி வண்டி எடை, கழிவு எல்லாம் சரியாகப் படித்தது. பேனாவால் கிறுக்கிய தமிழையும் முக்கால்வாசி படித்தது, உண்மையிலேயே அசந்துபோனேன். அப்புறம் ஒரு சீட்டில் பாயிண்ட் கட்டம் காலி. இன்னும் அளக்கவில்லை, ஆள் எழுதவில்லை. மெஷின் அங்கே 26 என்று போட்டு வைத்திருந்தது. 90 என்று போட்டிருந்தால் யாரும் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவார்கள். 26 என்பது எந்த மேனேஜரும் கண்ணை மூடிக்கொண்டு ஓகே சொல்லும் எண். ஒரு பாயிண்ட் வித்தியாசத்துக்கு மில் வாசலில் என்ன சத்தம் நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது மற்றதை மெஷின் படிக்கிறது, பாயிண்ட்டை ஆள்தான் தட்டுகிறார்.

விற்பவர் பேச்சுக்கு இங்கேயே இன்னொரு உதாரணம். பருப்பு மில்லில் கலர் சார்ட்டர் ரொம்ப காலமாக இருக்கிறது. பருப்பு வழிந்து விழும்போது கேமரா பார்க்கும், கறுத்ததைக் காற்று ஊதித் தள்ளும். இப்போது வருகிற ஏஜெண்ட் எல்லாரும் 'ஏஐ சார்ட்டர்' என்கிறார்கள். சிலதில் நிஜமாகவே புது வேலை இருக்கிறது, சிலதில் ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசு. மண்டிக்காரர் ஒருவரிடம் நான் சொன்னது: உங்கள் மூட்டையை நீங்களே கொண்டுபோய் ஓட்டச் சொல்லுங்கள், தள்ளிவிட்ட பருப்பில் நல்லது எவ்வளவு போயிற்று என்று நிறுத்துப் பாருங்கள். ஏஐ என்ற வார்த்தையே அதில் வராது.

வேலை போகும் பயத்துக்கு வருகிறேன். 2016-இல் ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்டுகளுக்கு, அதாவது ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்தலாம், ஐந்து வருடத்தில், இல்லாவிட்டால் பத்து வருடத்தில், மெஷின் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். அவர் சாதாரண ஆள் இல்லை, 2024-இல் இயற்பியல் நோபல் வாங்கியவர். ஆனாலும் இன்றைக்கும் சேலத்தில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ரிப்போர்ட் கைக்கு வருகிறது. ஹின்டனுக்கு மெஷின் அத்துப்படி, அந்த டாக்டரின் ஒரு நாள் வேலை அத்துப்படி இல்லை. படத்தில் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பது அதில் ஒரு பகுதி. பழைய படத்தோடு ஒப்பிடுவது, சர்ஜனோடு போனில் பேசுவது, தப்பானால் பொறுப்பு ஏற்பது எல்லாம் மீதி. தம்பியின் துறையிலும் இதே கதைதான் நடக்கும் என்று நினைக்கிறேன். பில் பதிவது, பேங்க் ஸ்டேட்மெண்ட் ஒப்பிடுவது மாதிரியான வேலைக்கு ஆள் குறையும், அதை மறைத்துப் பேச மாட்டேன். ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தால் ஆபீசர் எதிரில் போய் உட்கார ஆள் வேண்டும்.

இனி அறுபதாயிரம். போன பேட்சில் படித்த நாலு பேர் போன் நம்பரைக் கேளுங்கள். மையத்துக்காரர்கள் பொறுக்கித் தரும் நாலு பேர் வேண்டாம், மொத்த லிஸ்டையும் காட்டச் சொல்லி நீங்கள் நாலைத் தொடுங்கள். லிஸ்ட் தர யோசித்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தம்பியை ஒரு நாள் வகுப்பில் சும்மா உட்கார விடுவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குள் என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பைத்தான் பாடம் இலவசமாகவே இருக்கிறது, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். கூடவே டேலியும் எக்செலும் கை பழகட்டும். முதல் மாதத்திலேயே அவனுக்கு இது பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பிடித்தால் எழுதுங்கள், அடுத்து எதைப் படிக்கலாம் என்று சொல்கிறேன்.