கோலாலம்பூரில் ஒரு பகல் மட்டும் கிடைத்தால்

கோத்தகிரி நண்பருக்கு வணக்கங்க. தேயிலை ஃபேக்டரிக்கு மெஷின் பார்க்க கோலாலம்பூர் போறீங்க, கடைசி நாள் ராத்திரி ஃபிளைட் வரைக்கும் வேலை இல்லை, கேமரன் மலைக்குப் போய் வந்துடலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாங்க. காரில் போக மட்டுமே மூன்றரை, நாலு மணி நேரம். அங்கேயும் தேயிலைத் தோட்டந்தான். அதைத்தான் தினமும் ஜன்னலைத் திறந்தா பார்க்கிறோமே!

பத்துமலை முருகன் குகைக் கோயிலுக்குப் போங்க. கோலாலம்பூரின் பெரிய ஸ்டேஷனான கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினா குகைக்குப் பக்கத்திலேயே இறங்கிடலாம். காலையில் எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருக்கணும். 272 படி நமக்கு ஒரு ஏற்றமே இல்லை. ஆனா அந்தப் புழுக்கம் மலைக்காரங்க ஆளையே சாய்ச்சிடும். குன்னூரிலிருந்து நான் போட்டுட்டுப் போன ஸ்வெட்டரை மூணு நாளும் சுமந்ததுதான் மிச்சம். 2006-ல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், அண்ணாந்து பார்த்தே கழுத்து வலிக்கும். கையில் தின்பண்டப் பை மட்டும் வேண்டாம். அந்தக் குரங்குகளுக்கு முன்னால நம்ம ஊர்க் குரங்கெல்லாம் பரம சாது.

மதியம் நம்மவங்க கடைகள் நிறைஞ்ச பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வாழையிலைச் சாப்பாடு. சென்ட்ரலில் இருந்து நடந்தே போகலாம். சாயங்காலம் இடியோட மழை வரும், குடை வச்சுக்குங்க.

452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குள்ள ஏற திங்கட்கிழமை விடுமுறை. உங்க நாள் திங்களா இருந்தாலும் குறையில்லை. கீழே பூங்காவில் உட்கார்ந்து விளக்கு போட்டதும் பாருங்க, அதுதான் அழகு. அப்புறம் சென்ட்ரலுக்கு வந்து எக்ஸ்பிரஸ் ரயில் பிடிச்சா ஏர்போர்ட் அரை மணி நேரந்தாங்க.